கம்பனி பூட்டாத போல்ட்

வீல் அலைன்மென்ட் செய்கிற கராஜில் வேலை முடிந்ததும் ஒரு தாள் தருவார்கள். நான்கு சில்லுகளுக்கும் தனித்தனி இலக்கங்கள் இருக்கும். சரியாக இருந்தால் பச்சை, பிழை என்றால் சிவப்பு. டோ, கேம்பர், காஸ்டர் என்று மூன்று சொற்கள். எங்கட றோட்டில் ஓடுகிற பெரும்பாலான சின்னக் கார்களில் முன்சில்லின் டோ மட்டும் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியிருக்கும். கேம்பர் சிவப்பாகவே கிடக்கும். ஏன் என்று கேட்டால், "அதுக்கு அட்ஜஸ்ட்மென்ட் இல்லை, கம்பனிக்காரனே அப்பிடித்தான் செய்திருக்கிறான்" என்று பதில் வரும். கொஞ்சம் விவரமான பாஸ் என்றால், "கேம்பர் போல்ட் எண்டு ஒரு சாமான் இருக்கு, வாங்கித் தந்தால் பூட்டி விடலாம்" என்பார்.

கம்பனி பூட்டாத ஒரு போல்ட்டை வெளியில் வாங்கிப் பூட்டித்தான் ஒரு சில்லை நேராக்க வேண்டும் என்கிற நிலை எப்படி வந்தது? முந்திய கார்களில் இப்படி இல்லை. சில்லின் சாய்வை மாற்ற வழி வைத்தே பல கார்களைச் செய்தார்கள். பிறகு அந்த வழியை எடுத்துவிட்டார்கள். எடுத்ததை வேறு ஆள்கள் திரும்பச் செய்து விற்கத் தொடங்கினார்கள். இருநூறு வருடக் கதை இது. இயந்திரத்தின் கதை போலத் தெரிந்தாலும், தீர்மானிக்கிறது யார், செலவு யார் தலையில், பெயர் யாருக்கு என்கிற கேள்விகள்தான் இதற்குள் ஓடுகின்றன.

முதலில் அந்த மூன்று சொற்களையும் பார்த்துவிடுவோம். காரை மேலே இருந்து பார்த்தால் முன்சில்லுகள் இரண்டும் நேராக முன்னுக்குப் பார்க்கின்றனவா, இல்லாவிட்டால் நடக்கும்போது சிலருடைய பாதம் உள்ளுக்கோ வெளியிலோ திரும்பியிருப்பது போலத் திரும்பியிருக்கின்றனவா என்பது டோ. காரை முன்னுக்கு நின்று பார்த்தால் சில்லின் தலை உள்ளுக்குச் சாய்ந்திருக்கிறதா வெளியில் சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். பக்கத்தில் நின்று பார்த்தால், சில்லு எந்த அச்சில் திரும்புகிறதோ அந்த அச்சு பின்னுக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும், கையை விட்டாலும் அது கொஞ்சத் தூரம் நேராகப் போவதற்கு ஒரு காரணம். அதே சங்கதிதான்.

இவை பிழைத்தால் என்ன? ஒரு சின்னக் கணக்கு. முன்சில்லுகள் இரண்டுக்கும் சேர்த்து டோ 3 மில்லிமீற்றர் பிழை என்று வைப்போம். ஒரு சில்லுக்கு 1.5 மில்லிமீற்றர். டயரின் விட்டம் 600 மில்லிமீற்றர் அளவு. வகுத்தால் 400இல் ஒரு பங்கு. அதாவது 400 மீற்றர் ஓடும்போது டயர் ஒரு மீற்றர் பக்கவாட்டில் போகப் பார்க்கிறது, ஆனால் கார் அதை நேராக இழுக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். கொழும்பு போய்ச் சேரும்போது ஒவ்வொரு முன் டயரும் கணக்கின்படி ஒரு கிலோமீற்றர் பக்கவாட்டில் இழுபட்டிருக்கும். இதில் ஒரு பங்கை றப்பர் நெளிந்து தாங்கிக்கொள்ளும். மிச்சம் தேய்மானம். 2022இல் டொலர் 200 ரூபாய் சொச்சத்திலிருந்து சில வாரங்களுக்குள் 360 வரை போனதைப் பார்த்த எங்களுக்கு, இறக்குமதி டயர் ஒன்று வீணாகத் தேய்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

தேர் ஏன் திரும்பாது?

கோயில் தேர் வீதியின் மூலையில் திரும்புவதைக் கவனித்துப் பாருங்கள். வடம் பிடிப்பவர்கள் எவ்வளவு இழுத்தாலும் அது தானாகத் திரும்பாது. சில்லுக்குக் கீழே கட்டை போட்டு, தள்ளி, உராயவிட்டுத்தான் திருப்புவார்கள். காரணம், அதன் அச்சுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இறுகியிருக்கின்றன. மாட்டு வண்டிலுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, ஏனென்றால் அதற்கு இருப்பது ஒரே அச்சு. நாலு சில்லு வந்த உடனேதான் திரும்புவது ஒரு கணிதப் பிரச்சினையாகிறது.

ஐரோப்பாவின் குதிரை வண்டிகளில் இதற்குக் கண்டுபிடித்த வழி, முன் அச்சை முழுசாக நடுவில் ஓர் ஆணியில் சுழல விடுவது. வண்டி திரும்பும். ஆனால் நல்லா ஒடித்துத் திருப்பினால் முன்சில்லுகள் இரண்டும் வண்டியின் நடுக்கோட்டுக்குக் கிட்ட வந்துவிடும். அப்போது வண்டி மூன்று கால் கதிரை மாதிரி ஆகிக் கவிழும். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லிச்ஃபீல்ட் என்ற ஊரில் மோசமான றோட்டுகளில் நோயாளிகளைப் பார்க்க அலைந்த ஒரு வைத்தியர் இதை யோசித்தார். அச்சை அப்படியே விட்டுவிட்டு, அதன் இரண்டு நுனிகளிலும் சில்லை மட்டும் தனித்தனியாகத் திருப்பினால் என்ன? அந்த வைத்தியரின் பெயர் எராஸ்மஸ் டார்வின். பரிணாமக் கொள்கையின் சார்ல்ஸ் டார்வினுடைய தாத்தா. ஆனால் அவர் இதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை.

பிறகு ஜேர்மனியின் மியூனிக் நகரில் அரச வண்டிகள் செய்த ஜோர்ஜ் லாங்கன்ஸ்பேர்கர் அதே யோசனைக்குத் தானாக வந்து சேர்ந்தார். லண்டனில் அவருக்காகக் காப்புரிமை எடுத்துக்கொடுத்தவர் ருடோல்ஃப் அக்கர்மன் என்ற புத்தக, ஓவிய அச்சு வியாபாரி. வருடம் 1818. விளைவு என்ன? இன்றைக்கு உலகம் முழுக்கப் பொறியியல் பாடப்புத்தகங்களில் அது "அக்கர்மன் ஸ்டியரிங்". செய்தவர் பெயர் அடைப்புக்குறிக்குள்கூட வருவது அருமை. பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட முகவரின் பெயர் நிலைத்துவிட்டது.

இதில் இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. திரும்பும்போது உள்பக்கச் சில்லு சின்ன வட்டத்திலும் வெளிப்பக்கச் சில்லு பெரிய வட்டத்திலும் ஓடுகின்றன. ஆகவே உள்சில்லு கூடுதலாகத் திரும்ப வேண்டும். 1878இல் பிரான்சில் சார்ல்ஸ் ஜாந்தோ, ஸ்டியரிங் கைகளைப் பின் அச்சின் நடுவை நோக்கிச் சாய்த்து வைத்தால் இது கிட்டத்தட்டச் சரியாக வரும் என்று காட்டினார். இது அவ்வளவு இலகுவாகக் கைவந்த விஷயம் இல்லை. கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற முதல் காருக்கு மூன்று சில்லுதான். நாலு சில்லை ஒழுங்காகத் திருப்பும் வழி அவருக்கு அப்போது திருப்தியாக அமையவில்லை. 1893இல்தான் அவருடைய நாலு சில்லு வண்டி அந்த ஏற்பாட்டோடு வந்தது. எங்கட ஊர் ஓட்டோவைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், உலகத்தின் முதல் காரும் ஓட்டோ மாதிரித்தான் இருந்தது என்பதை ஞாபகம் வைத்திருக்கலாம்.

வளைத்து நேராக்கிய காலம்

ஆரம்பகாலக் கார்களின் முன் அச்சு ஒரு கனத்த இரும்புத் துண்டு. அதில் மூன்று கோணங்களையும் மாற்றுவதற்கு வழி இருந்தது, முரட்டு வழிதான். டோவுக்கு, இரண்டு சில்லுகளையும் இணைக்கும் கம்பியில் புரி இருந்தது. சுற்றினால் நீளும், சுருங்கும். காஸ்டருக்கு, அச்சுக்கும் வில்லுத் தகட்டுக்கும் இடையில் ஆப்பு மாதிரி ஒரு துண்டை வைப்பார்கள். கேம்பருக்கு? அச்சையே வளைப்பார்கள். சங்கிலி போட்டு, ஹைட்ரோலிக் ஜக் வைத்து, சூடாக்காமல் அப்படியே. அமெரிக்காவில் இதற்கென்றே கருவிகள் செய்து விற்ற கம்பனிகள் எழுந்தன. இலினோய் மாநிலத்தின் றொக் ஐலண்ட் நகரில் இருந்த 'பெயார்' கம்பனி அதில் பேர் போனது. சிரிக்கிற கரடி போட்ட அதன் பலகை தொங்கினால், அங்கே சில்லு நேராக்குவார்கள் என்று அர்த்தம்.

அளப்பதற்குப் பெரிய மெசின் தேவைப்படவில்லை. டோவைப் பார்க்க ஒரு நூல் போதும். பின்சில்லிலிருந்து முன்சில்லு வரை நூலை இழுத்துப் பிடித்து இடைவெளியை அளப்பது. கேம்பருக்கு ஒரு தூக்குக்குண்டு. மேசன் பாஸ் சுவர் கட்டும்போது பாவிக்கிற அதே இரண்டு சாமான்கள். "நூல் பிடிச்ச மாதிரி" என்று நாங்கள் சொல்வது சும்மா பேச்சு இல்லை, அது ஓர் அளவு முறை.

1920களில் பெரிய, மெதுவான டயர்களும் முன்சில்லுப் பிரேக்கும் வந்தபோது, கனத்த முன் அச்சுள்ள கார்கள் வேகத்தில் நடுங்கத் தொடங்கின. ரோல்ஸ் ரொய்ஸிலிருந்து ஜெனரல் மோட்டர்ஸுக்குப் போன மொரிஸ் ஒல்லி என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் இந்தப் பிரச்சினையில் பல வருடம் வேலை செய்தார். 1934 மாடல் கார்களில் ஜெனரல் மோட்டர்ஸ் இரண்டு முன்சில்லுகளையும் தனித்தனியே மேலும் கீழும் அசைய விட்டது. கெடிலக், பியூக் போன்றவற்றில் சில்லு ஒவ்வொன்றையும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்திருந்தன. இந்த வகை அமைப்பில் பிறகு ஒரு நல்ல வழக்கம் வந்தது. மேல் கைக்கும் சட்டத்துக்கும் இடையில் மெல்லிய தகடுகளை வைப்பது. ஒரு தகட்டைக் கூட்டினால் சில்லின் தலை நகரும். முன்பக்கம் ஒன்றைக் கூட்டிப் பின்பக்கம் ஒன்றைக் குறைத்தால் காஸ்டர் மாறும். ஓடி ஓடிக் கார் களைக்கும், அப்போது திருத்த வேண்டிவரும் என்று செய்தவர்களே ஒப்புக்கொண்ட வடிவம் அது.

செவர்லே கோர்வெயர்: சில டொலர் மிச்சம்

வெளிச்சாமான் பூட்டுவது என்றால் பலருக்கு நினைவு வருவது ஸ்டைல்தான். காரைப் பதித்து, சில்லை அகட்டி, படம் போடுவது. ஜப்பானில் சில்லை அளவுக்கு மிஞ்சிச் சாய்ப்பதற்கு "ஒனி-கியான்", அதாவது பேய்க் கேம்பர் என்றே ஒரு பெயர் உண்டு. ஆனால் இந்தச் சாமான்களின் வரலாற்றில் மிக முக்கியமான அத்தியாயத்தில் விளையாட்டு இல்லை. உயிர்ப் பிரச்சினை.

1960 மாடலாக வந்த செவர்லே கோர்வெயரின் எஞ்சின் பின்னால் இருந்தது. அதன் பின்சில்லுகள் 'ஸ்விங் அக்சில்' என்ற முறையில் பூட்டப்பட்டிருந்தன. அந்த முறையில் ஒவ்வொரு பின் அச்சும் கியர்பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் மடியும். பறவை செட்டையை மடக்குவது போல. சில்லு கீழே இறங்கும்போது அதன் அடி உள்ளுக்கு இழுபடும். வேகமாக ஒரு வளைவில் போய் உடம்பு மேலே தூக்குப்பட்டால், வெளிப்பக்கச் சில்லு காருக்குக் கீழே மடிந்துபோகலாம். அந்த நேரத்தில் கார் ஓட்டுநரின் கையில் இல்லை.

இதைக் கம்பனிப் பொறியியலாளர்கள் அறியாமல் இல்லை. முன்பக்கம் ஓர் உறுதிக் கம்பி போட்டால் நிலைமை நன்றாகும் என்பது தெரிந்திருந்தது. ஒரு காருக்குச் சில டொலர்கள்தான் செலவு. செலவைக் குறைக்க அது விடப்பட்டது. 1962இல் காசு கூடக் கொடுத்து வாங்கக்கூடிய ஒரு மேலதிகத் தொகுதியில்தான் அது வந்தது. அதற்குப் பதிலாக முன் டயருக்கு 15, பின் டயருக்கு 26 இறாத்தல் காற்று அடிக்கச் சொன்னார்கள். அதாவது கம்பனி சேமித்த கம்பியின் வேலையை, பெற்றோல் செட்டில் காற்று அடிக்கிற பையனும் கார்க்காரரும் ஒவ்வொரு தடவையும் ஞாபகமாகச் செய்ய வேண்டும். நாலு டயருக்கும் ஒரே அளவு அடிக்கிற பழக்கம் உள்ள நாட்டில்.

இந்த இடைவெளிக்குள்தான் வெளியாள்கள் வந்தார்கள். கலிபோர்னியாவின் ரிவர்சைட் நகரில் ஃபோக்ஸ்வாகன் விற்பனையாளராக இருந்த ஜோ விட்டோனியின் எம்பி கம்பனி 'கேம்பர் கொம்பென்சேட்டர்' என்ற ஒரு சாமானை விற்றது. பீற்றில் காரிலும் அதே ஸ்விங் அக்சில்தான் இருந்தது. கோர்வெயருக்கும் இந்தச் சாமான் விற்கப்பட்டது. அதன் வேலை சிம்பிள். காருக்குக் குறுக்காக ஒரு வில்லுத் தகடு, நடுவில் ஓர் ஆணியில் தொங்கும், இரண்டு நுனியும் இரண்டு பின் அச்சுக்கும் கீழே தாங்கும். இரண்டு சில்லும் ஒன்றாகக் கீழே இறங்கி மடியப் பார்த்தால் அது விடாது. கராஜ் ஒன்றில் ஒரு நாள் வேலைகூட இல்லை.

1964 மாடலில் ஜெனரல் மோட்டர்ஸே குறுக்கு வில்லுத் தகடு ஒன்றைப் போட்டு, முன்பக்கக் கம்பியையும் எல்லாக் கார்களுக்கும் கொடுத்தது. 1965இல் பின்பக்க அமைப்பை முழுவதும் மாற்றியது. அந்த வருடக் கடைசியில் ரால்ஃப் நேடர் எழுதிய 'அன்சேஃப் அட் எனி ஸ்பீட்' வெளிவந்தது. அதன் முதல் அத்தியாயமே கோர்வெயர் பற்றியது. வெளிச்சாமான் விற்கிறவர்களுக்குத் தெரிந்த திருத்தம் கம்பனிக்கு ஏன் தெரியவில்லை என்பது அதற்குள் இருந்த கூரான கேள்விகளில் ஒன்று. ஜெனரல் மோட்டர்ஸ் நேடரைத் துப்பறிய ஆள் வைத்தது அம்பலமாகி, 1966 மார்ச்சில் அதன் தலைவர் செனட் குழு முன் மன்னிப்புக் கேட்டார். அந்த வருடம் செப்டெம்பரில் அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது.

கதையை ஒருபக்கமாகச் சொல்லி முடிக்கக்கூடாது. 1972இல் அமெரிக்க அரசின் ஆய்வு ஒன்று, கோர்வெயர் அந்தக் காலத்தின் ஒத்த கார்களைவிடக் கூடுதலாகக் கட்டுப்பாடு இழக்கிற கார் இல்லை என்று முடிவு சொன்னது. அதை வைத்து நேடர் பிழை என்று வாதாடுகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. எனக்குத் தெரிகிறது வேறு. மற்றக் கார்களும் அப்படித்தான் இருந்தன என்றால் அது விடுதலைத் தீர்ப்பு இல்லை. குற்றப்பத்திரம் இன்னும் நீளம் என்றுதான் அர்த்தம்.

ஒரு தூண், இரண்டு போல்ட்

சரி, கேம்பருக்கு "அட்ஜஸ்ட்மென்ட் இல்லை" என்ற நிலை எங்கே இருந்து வந்தது? ஏர்ள் மக்ஃபெர்சன் என்ற பொறியியலாளரிடமிருந்து. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு செவர்லே ஒரு சின்ன, மலிவான காரைத் திட்டமிட்டது. அதன் பொறுப்பு மக்ஃபெர்சனிடம் இருந்தது. திட்டத்தை 1947இல் கைவிட்டார்கள். அவர் ஃபோர்ட்டுக்கு மாறினார். அவருடைய யோசனை முதலில் பிரான்சின் ஃபோர்ட் வெடெட்டிலும், பிறகு 1950இல் இங்கிலாந்தில் அறிமுகமான ஃபோர்ட் கொன்சல், செஃபீர் கார்களிலும் வந்தது.

மேல் கையை முழுசாக எடுத்துவிட்டார். ஷொக் அப்சோபரையும் வில்லையும் ஒரே தூணாக்கி, அந்தத் தூணின் தலையை நேரடியாகக் காரின் உடம்பில் பூட்டினார். கீழே ஒரு கை மட்டும். பாகங்கள் குறைவு, இடம் மிச்சம், பூட்டுகிற நேரமும் குறைவு. 1970களிலிருந்து எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சில்லால் இழுக்கிற சின்னக் கார்கள் பெருகியபோது இந்தத் தூண் உலகத்தைப் பிடித்துவிட்டது. மாருதி 800இலிருந்து விட்ஸ், வாகன் ஆர் வரை எங்கட வீதிகளில் ஓடுகிற சின்னக் கார்களின் முன்பக்கம் இதுதான்.

ஆனால் மேல் கையோடு சேர்ந்து தகடு வைக்கிற இடமும் போய்விட்டது. தூண் உடம்பில் எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதுதான் கேம்பர். கம்பனிக்கு இதில் கவலை இல்லை. புதுக் காரின் உடம்பு அளவு பிசகாமல் ஒட்டப்பட்டிருக்கும். ஆகவே தொழிற்சாலையில் ஒவ்வொரு காராகத் திருத்துகிற நேரமும் கூலியும் மிச்சம். அளவு பிசகுவது பிறகு. குழியில் விழுந்து, மதகில் ஏறி, புஷ் தேய்ந்து, வில்லு பதிந்து, இன்னொரு நாட்டில் மூன்றாவது சொந்தக்காரர் கையில். ஜப்பானில் பத்தாயிரக்கணக்கில் கிலோமீற்றர் ஓடி முடித்து இங்கே வருகிற காருக்கு, 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை தனியார் கார்கள் வராமல் இருந்த நாட்டில் இன்னும் ஐந்து வருடம் கூட உழைத்த காருக்கு, "அட்ஜஸ்ட்மென்ட் இல்லை" என்பது தொழிற்சாலையில் மிச்சம்பிடித்த செலவு. அதன் பில் எங்களிட்ட வருகிறது.

கேம்பர் போல்ட் என்பது இந்தப் பில்லுக்கு வெளியாள்கள் கண்டுபிடித்த தள்ளுபடி. தூணின் அடியில் சில்லைத் தாங்கும் வார்ப்பு இரும்பை இரண்டு போல்ட் பிடித்திருக்கும். பெரும்பாலும் மேல் போல்ட்டைக் கழற்றிவிட்டு, நடுவில் ஒருபக்கம் மட்டும் புடைத்த வேறொரு போல்ட்டைப் போடுவார்கள். அதைச் சுற்றும்போது புடைப்பு துளையின் ஒருபக்கத்தை உதைக்கும். சில்லின் தலை உள்ளுக்கோ வெளியிலோ நகரும். 1 முதல் 1.75 பாகை வரை மாற்றலாம். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆனால் டயரின் ஒரு ஓரம் மொட்டையாகிறதும் ஆகாததும் அதற்குள் இருக்கிறது. டொயோட்டா போன்ற கம்பனிகளே, தலையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளி போட்ட மெல்லிய போல்ட்டுகளைத் தங்கள் திருத்த வேலைக்கென்று தனியாக வைத்திருக்கின்றன. காரைச் செய்யும்போது கொடுக்காத வழியை, திருத்தும்போது தேவை என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

பூட்டுவதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் தேய்ந்த புஷ்சும் ஆடுகிற மூட்டும் மாற்ற வேண்டும். ஆடுகிற பல்லை நேராக்கிப் பிரயோசனம் இல்லை. காரை ஜக்கில் ஏற்றிப் போல்ட்டை மாற்றி, கீழே இறக்கி, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி, வில்லு தன் இடத்தில் இருக்கவிட்டுத்தான் அளக்க வேண்டும். காஸ்டர் மாற்றக்கூடிய காரென்றால் அது முதலில், பிறகு கேம்பர், கடைசியில் டோ. கேம்பரை மாற்றினால் டோ தானாக மாறிவிடும். ஆகவே டோவை முதலில் செய்தால் இரண்டு வேலை. டோ திருத்தும்போது இரண்டு பக்கக் கம்பியையும் சமமாகச் சுற்றாவிட்டால் கார் நேராகப் போகும், ஸ்டியரிங் மட்டும் கோணலாக இருக்கும். போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதோடு ஓர் அளவு சொல்லியிருப்பார்கள். பழைய போல்ட்டைவிட இது மெல்லியது, அதனால் கைக்கணக்கில் விடக்கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்தப் போல்ட்டால் பொய்யும் சொல்லலாம். விபத்தில் தூணோ உடம்போ வளைந்த காரில் இதைப் பூட்டினால் தாளில் பச்சை வரும். உள்ளே வளைவு அப்படியே இருக்கும். அந்தக் காரை அடுத்ததாக வாங்குகிற ஆளுக்குத் தாள் மட்டும்தான் தெரியும்.

தடைக்கு இந்தப் பக்கம்

மொரிஸ் மைனர் 1948இல் வந்தது. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்தார். கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, நாலு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்து அகலத்தைத் தீர்மானித்தார் என்பது பிரபலமான கதை. முன்பக்கத்தில் சுருள்வில்லுக்குப் பதில் முறுகுகிற நீண்ட இரும்புத் தண்டு. டோ மட்டும் மாற்றலாம், 3/32 அங்குலம் உள்ளுக்கு. சில்லு திரும்புகிற தண்டின் அடிப்பகுதி புரியோடு ஒரு மூட்டுக்குள் இருக்கும். ஒழுங்காக க்ரீஸ் அடித்தால் எவ்வளவு காலமும் உழைக்கும். அடிக்காவிட்டால் புரி தேய்ந்து ஒரு நாள் தண்டு கழன்று, சில்லு மடிந்து விழும்.

அந்தக் காரும் ஒஸ்ரின் ஏ-40உம் யாழ்ப்பாணத்தில் எவ்வளவு காலம் ஓடின என்பது வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் தெரியும். 1990இல் போர் மறுபடி தொடங்கியபின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. கொஞ்சப் பெற்றோலை ஊற்றி ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கலியாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்தக் கார்கள்தான். மண்ணெண்ணெய்ப் புகையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். சில்லுகளைப் பற்றி எழுதவில்லை. எஞ்சினை ஏமாற்றி மண்ணெண்ணெயில் ஓட்டலாம், தேய்ந்த புரியை ஏமாற்ற முடியாது.

இதே காலத்தில் இலங்கைக்கும் மொரிஸ் மைனருக்கும் இன்னொரு தொடர்பும் இருந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் நடத்தியவர் சார்ல்ஸ் வெயார். ஒரு காரை எறியாமல் தலைமுறைக்கும் திருத்தித் திருத்தி ஓட்டலாம் என்பது அவருடைய வாதம். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1990களில் இலங்கையில் மொரிஸ் மைனர் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்கூடம் இயங்கியது. இங்கே செய்த சாமான் இங்கிலாந்துக்குப் போனது. ஆனால் அந்தத் தொழிற்கூடம் இருந்தது தடைக்கு அந்தப் பக்கம். ஒரே தீவில் ஒரு பக்கம் மொரிஸ் மைனருக்குப் புதுச் சாமான் செய்து கடல் கடந்து அனுப்பிக்கொண்டிருக்க, மறுபக்கம் அதே காரைச் சாமானே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெயாரின் பெயர் பதிவில் இருக்கிறது. விட்டோனி, ஒல்லி, மக்ஃபெர்சன் எல்லாருடைய பெயரும் இருக்கிறது. லாங்கன்ஸ்பேர்கரின் பெயரைக்கூடத் தேடினால் எடுக்கலாம், ஏனென்றால் ஒரு காப்புரிமைப் பத்திரம் மிச்சம் இருக்கிறது. தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கராஜ்களில் சில்லு நேராக்கியவர்களுக்குப் பத்திரம் இல்லை, பில் இல்லை, பச்சை சிவப்புத் தாளும் இல்லை. அவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயது தாண்டியிருக்கும். வரலாறு படிக்கிறவர்கள் ஆவணக்காப்பகத்துக்குப் போவதற்கு முதல் போகவேண்டிய இடம் அவர்களுடைய வீட்டு விறாந்தை.

கேட்க வேண்டிய கேள்விகளும் பெரிதாக ஒன்றும் இல்லை. புரி தேய்ந்தால் லேத்தில் கடைந்தீர்களா, வேறு காரிலிருந்து கழற்றினீர்களா? புஷ்ஷுக்கு றப்பர் எங்கே எடுத்தீர்கள்? க்ரீஸ் இல்லாத நாளில் என்ன பூசினீர்கள்? டோவை நூலால் பார்த்தீர்களா, கண்ணாலேயே பார்த்தீர்களா? ஒரு கொப்பியும் கைபேசியில் ஒலிப்பதிவும் போதும். கேட்கும்போது பெயரையும் ஒழுங்காக எழுதிக்கொள்ளுங்கள்.